ரெண்டுக்கு ரெண்டு டைல் ரெண்டடி கிடையாது: செங்கல் வைக்கும் முன்பே போட வேண்டிய டைல்ஸ் கணக்கு

10 அடி அறை, 2 அடி டைல், வரிசைக்கு 5. இந்த மனக்கணக்கை நம்பித்தான் பலர் டைல்ஸ் வாங்குகிறார்கள். கடைசி வரிசையில் சுவரோரமாக இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு ஓடும்போதுதான் எங்கே தப்பியது என்று தேடுவார்கள். அந்த நேரத்தில் கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை. சுவரை ஒரு அங்குலம் தள்ளி வைக்க முடிகிற ஒரே காலம் செங்கல் வைப்பதற்கு முன்புதான்.

மதுரைப் பக்கம் மூன்று சென்ட், நாலு சென்ட் மனையில் முதல்முறையாக வீடு கட்டுகிறவர்களுக்காக இது. பேப்பர், பேனா, மில்லிமீட்டர் போட்ட ஒரு டேப், ஒரு மாலைப்பொழுது போதும்.

1. டைலின் அளவை இப்போதே முடிவு செய்யுங்கள், டிசைனை விட்டுவிடுங்கள்

பிளான் போடும்போது டைல்ஸைப் பற்றிப் பேசினால், "அதுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு சார்" என்பார் காண்ட்ராக்டர். டிசைனுக்கு அது சரி. இன்று பிடித்த டிசைன் பூச்சு வேலை முடியும்போது கடையில் இல்லாமலும் போகலாம். அளவு அப்படி மாறாது. தரைக்கு நம் ஊர்க் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் இவைதான்:

- ரெண்டுக்கு ரெண்டு: 600 × 600 மி.மீ.
- ரெண்டுக்கு நாலு: 600 × 1200 மி.மீ.
- 800 × 800, 800 × 1600 மி.மீ.
- பாத்ரூம் தரைக்கு ஒண்ணுக்கு ஒண்ணு: 300 × 300 மி.மீ., வழுக்காத வகை

பாத்ரூம் தவிர வீடு முழுக்க ஒரே அளவு இருக்கட்டும். ஹாலுக்கு 800, பெட்ரூமுக்கு 600 என்று கலந்தால் ஹாலில் வெட்டிய துண்டு பெட்ரூமுக்கு ஆகாது. இரண்டு பக்கமும் மிச்சம் நிற்கும்.

2. அடிக் கணக்கை விட்டு மில்லிமீட்டருக்கு வாருங்கள்

2 அடி என்பது 609.6 மி.மீ. டைல் 600 மி.மீ. ஒரு டைலுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. 5 டைலில் 48 மி.மீ., 10 டைலில் 96 மி.மீ. குறையும். அறை பெரிதாக ஆக இந்த வித்தியாசமும் வளரும்.

600 என்று எழுதியிருந்தாலும் நேரில் அளந்து பாருங்கள். ஓரிரு மி.மீ. குறைவாக வரும் டைல்களும் உண்டு. ஒரு பெட்டியில் உள்ள நாலையும் தரையில் ஒட்டி வைத்து மொத்தமாக அளந்து நாலால் வகுத்தால் உண்மை அளவு வந்துவிடும்.

3. பிளானில் எழுதிய 10 அடி எந்த 10 அடி?

பெரிய குழப்பம் இங்கேதான். நம் பக்கத்துப் பிளான்களில் பெரும்பாலும் எழுதுவது செங்கலுக்குச் செங்கல் அளவு. அதன்மேல் உள்பூச்சு வரும். 12 மி.மீ. என்று எஸ்டிமேட்டில் இருந்தாலும், சுவரின் மேடுபள்ளத்தைச் சரிக்கட்டி முடிக்கும்போது 15 ஆகிவிடும். இரண்டு சுவருக்கும் சேர்த்து 30 மி.மீ. போகும்.

10 அடி = 3048 மி.மீ. பூச்சு போனால் 3018. ஐந்து டைல் 3000, நடுவில் 2 மி.மீ. ஸ்பேசர் (டைலுக்கு டைல் இடைவெளி விட வைக்கும் துண்டு) நாலு, ஆக 3008. மிச்சம் 10 மி.மீ., பக்கத்துக்கு 5. சுவரோரம் அந்த இடைவெளி எப்படியும் விட வேண்டியதுதான். ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல் பட்டை) அதை மூடிவிடும். ஒரு டைலைக்கூட வெட்ட வேண்டாம்.

அதே அறையை "பூச்சு முடிஞ்சு 10 அடி சுத்தமா இருக்கணும்" என்று கட்டினால் மிச்சம் 40 மி.மீ. அதுதான் அந்த இரண்டு விரல் துண்டு. ஆகவே இன்ஜினியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பதிலைப் பிளான் தாளிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

4. 602 கணக்கு

ஸ்பேசர், பூச்சு, ஓர இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு வரியில் முடியும். வரிசைக்கு வேண்டிய டைல் எண்ணிக்கையை 602-ஆல் (டைல் 600, ஸ்பேசர் 2) பெருக்கி, 40 (பூச்சு 30, ஓர இடைவெளி 10) கூட்டுங்கள். வருவது செங்கலுக்குச் செங்கல் அளவு, மில்லிமீட்டரில்.

- 3 டைல்: 1846 மி.மீ. (6 அடி முக்கால் அங்குலம்)
- 4 டைல்: 2448 மி.மீ. (8 அடி அரை அங்குலம்)
- 5 டைல்: 3050 மி.மீ. (10 அடி)
- 5½ டைல்: 3351 மி.மீ. (11 அடி)
- 6 டைல்: 3652 மி.மீ. (12 அடி)
- 8 டைல்: 4856 மி.மீ. (15 அடி 11 அங்குலம்)
- 10 டைல்: 6060 மி.மீ. (19 அடி 10½ அங்குலம்)

சிறிய அறைக்கு அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ கூட்ட வேண்டியிருக்கிறது, பெரிய ஹாலுக்குக் குறைக்க வேண்டியிருக்கிறது. சரியாக 6 அடிக்குக் கட்டினால் பூச்சுக்குப் பிறகு 1799 மி.மீ.தான் இருக்கும். மூன்று டைலுக்கு 1804 வேண்டும். 5 மி.மீ.க்காக ஒரு வரிசை முழுக்க மெஷின் ஓட்ட வேண்டிவரும். அவ்வளவு மெல்லிய சீவல் நேராகவும் வராது, ஓரம் உதிரும்.

ரெண்டுக்கு நாலு டைலின் நீளப்பக்கத்துக்கு 1202-ஆல் பெருக்குங்கள். 10 × 12 அறையில் நீளம் 12 அடிப் பக்கமாக ஓடினால் வரிசைக்கு 3, ஐந்து வரிசை, ஆக 15 டைல், வெட்டே இல்லை. குறுக்கே போட்டாலும் 15-தான், ஆனால் ஆறு அரைத்துண்டு வெட்ட வேண்டும்.

800 மி.மீ. டைலுக்கு 802. 8 அடியும் 15 அடி 11 அங்குலமும் அதற்கு நன்றாகப் பொருந்தும். 10 அடி பொருந்தாது. மூன்று டைல் போக 602 மி.மீ. துண்டு வேண்டும், ஒவ்வொன்றிலும் 198 மி.மீ. தனியே போகும். 800-தான் வேண்டும் என்றால் அறையை 10 அடி 8 அங்குலம் ஆக்கினால் நாலு டைல் முழுதாக உட்காரும்.

5. முழு டைல் வராவிட்டால் எந்த மிச்சம் பரவாயில்லை?

எல்லா அறையும் முழு டைலில் அடங்காது. அடங்காத பக்கத்தில் மிச்சம் அரை டைலாகவோ, அரைக்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கட்டும். ஒரு டைலை நடுவில் வெட்டினால் இரண்டு வரிசைக்கு ஆகும். வெட்டுக்கத்தி 2, 3 மி.மீ. தின்றுவிடும், ஆகவே அரைத்துண்டு 298 என்று கணக்கு வையுங்கள்.

அரைக்கு மேலே ஏறினால்தான் நஷ்டம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முழு டைல் போகும். 11 × 11 அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள்: 25 முழு டைல், பத்து அரைத்துண்டுக்கு 5, மூலைக்கு 1, ஆக 31. அதே அறையை இரண்டு பக்கமும் மூன்றே அங்குலம் கூட்டி 11 அடி 3 அங்குலமாகக் கட்டினால் ஓரத்துண்டு 379 மி.மீ. ஆகும். 25 + 5 + 5 + 1 = 36 டைல். தரைப் பரப்பு ஏறியது நூற்றுக்கு 5 கூட இல்லை, டைல் ஏறியது 16.

மிகச் சிறிய மிச்சத்தில் வேறு தொல்லை. 8 செ.மீ. துண்டு என்றால் ஒரு டைலில் ஏழு வெட்டலாம், சேதாரம் குறைவுதான். ஆனால் பார்க்க அசிங்கம், கட்டில் காலோ பீரோ காலோ அதன்மேல் நின்றால் விரிசல் விடும். இரண்டு ஓரத்துக்கும் சமமாகப் பிரித்துப் போடச் சொன்னால் அழகு வரும், ஆனால் இரண்டு வரிசையும் அரைக்கு மேற்பட்ட துண்டாகிச் சேதாரம் ஏறும். 5 முதல் 15 செ.மீ. வரை மிச்சம் வரும் அளவைப் பேப்பரிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

பணம் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சதுர அடி 60 ரூபாய் டைல் என்றால் ஒரு பெட்டி ஏறத்தாழ 930 ரூபாய். மேலே சொன்ன அறையில் மிச்சம் ஒரு பெட்டி. மூன்று, நாலு அறைக்கும் ஹாலுக்கும் சேர்த்தாலும் சில ஆயிரம் ரூபாய்தான். இதற்காக அறையை அரை அடி சுருக்குவது புத்திசாலித்தனம் இல்லை. அரை, ஒரு அங்குலம் தள்ளினால் கிடைப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. மனையடி பார்க்கிறவர்களுக்கு

6, 8, 10, 11, 16, 17 அடி நல்லது என்று மனையடிக்காரர் சொல்வார். நல்லவேளையாக இவை எல்லாம் 600 மி.மீ. டைலில் முழுதாகவோ பாதியாகவோ ஏறக்குறைய அடங்கும் எண்கள். அளவு எங்கிருந்து எங்கே என்பதில்தான் சண்டை. சிலர் செங்கலுக்குச் செங்கல் பார்ப்பார்கள், சிலர் பூச்சு முடிந்த அளவைக் கேட்பார்கள்.

பூச்சு முடிந்து 10 அடி என்றால் 3 மி.மீ. ஸ்பேசர் போடுங்கள். 3012 போக 36 மிஞ்சும், பக்கத்துக்கு 18. ஸ்கர்ட்டிங் டைல் 8, 9 மி.மீ., அதன் பின்னால் கலவையைக் கொஞ்சம் தடிப்பாக வைத்தால் மூடிவிடலாம். 16 அடியை 15 அடி 11 அங்குலமாக்க வீட்டில் சம்மதிக்கவில்லை என்றாலும் இதே 3 மி.மீ. வழிதான். 20 அடி ஹாலுக்கு இது போதாது. அங்கே ஒரு ஓரமாக கிரானைட் பார்டர் கொடுத்துவிடுங்கள்.

7. பாத்ரூமுக்கு இரண்டு அங்குலம் கூட்டுங்கள்

பாத்ரூமில் சுவரிலும் டைல் ஏறுகிறது. பூச்சு, ஒட்டும் கலவை, டைல் சேர்ந்து ஒரு சுவருக்கு 30 மி.மீ.க்கு மேல், இரண்டுக்கும் 65 வரை தின்னும். 4 அடி என்று கட்டிய பாத்ரூமில் கடைசியில் நிற்பது 1154 மி.மீ. மூன்று டைல் போக நாலாவதை வெட்டியே தீர வேண்டும்.

4 அடி 2 அங்குலம், 5 அடி 2 அங்குலம், 7 அடி 2 அங்குலம், 8 அடி 2 அங்குலம் என்று செங்கல் வையுங்கள். 300 மி.மீ. டைல் முறையே 4, 5, 7, 8 என்று முழுதாக உட்காரும். கலவைக்குப் பதில் டைல் பசையில் ஒட்டுவதாக இருந்தால் ஒன்றரை அங்குலம் போதும்.

நகானி டிராப்பின் (தரையில் தண்ணீர் வடியும் வாய்) இடத்தையும் அப்போதே குறியுங்கள். அது ஒரு டைலின் நடுவிலோ, நாலு டைல் சேரும் முனையிலோ வந்தால் வெட்டும் சுத்தம், வாட்டமும் சரியாக வரும். பிளம்பர் குழாய் பதித்த பிறகு இதைப் பேசிப் பலனில்லை.

8. ஹாலும் வாசல்களும்

ஹாலிலிருந்து பெட்ரூமுக்குக் கோடு நேராக ஓட வேண்டும் என்று கேட்டால், ஹாலில் வந்த மிச்சம் எல்லா அறைக்கும் தொற்றும். நீங்கள் அறை அறையாகப் போட்ட கணக்கு வீணாகிவிடும். ஒவ்வொரு அறை வாசலிலும் சுவர்த் தடிமனுக்கு ஒரு கிரானைட் பட்டை போட்டுவிட்டால் அந்தந்த அறை அதன் கணக்கில் தொடங்கும். மதுரைப் பக்கம் பட்டைக்கல்லுக்குப் பஞ்சம் வராது.

ஹாலில் முழு டைல் தலைவாசலில் தொடங்கட்டும். வெட்டுத்துண்டு சோபா, டிவி ஸ்டாண்டு போகும் சுவர்ப்பக்கம் ஒதுங்கட்டும். கிச்சனில் வெட்டை மேடைக்கு அடியில் தள்ளுங்கள். உடைந்த டைல்களும் அங்கே செலவாகிவிடும்.

ரெண்டுக்கு நாலு டைலைச் செங்கல் கட்டுப்போல மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறவர்கள், பாதிக்குப் பாதி தள்ளச் சொல்லாதீர்கள். நீள டைலில் லேசான வளைவு இருக்கும். ஒன்றின் நடுமேடு பக்கத்து டைலின் முனையோடு சேரும்போது காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ள வேண்டாம். சாய்த்து டைமண்ட் போட ஆசைப்பட்டால் இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் செல்லாது. 15 சதவீதம் வரை கூடுதலாக வாங்கத் தயாராக இருங்கள்.

9. ஸ்கர்ட்டிங்கை மறக்காதீர்கள்

பலரும் தரைக்கு மட்டும் கணக்குப் போட்டு, கடைசியில் இரண்டு பெட்டிக்கு மறுபடி கடைக்கு ஓடுவது இதனால்தான். 10 × 12 அறையின் சுற்று 44 அடி. வாசல் 3 அடி கழித்தால் 41 அடி, அதாவது 600 மி.மீ. பட்டை 21. "நாலு அங்குலம்" என்று சொன்னால் ஒரு டைலில் 5 பட்டைதான் வரும். 97 மி.மீ. என்று சொன்னால் 6 வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பட்டையின் மேல்முனை கம்பெனி முனையாக இருக்க வேண்டும், வெட்டிய முனை தரையை நோக்கிப் போக வேண்டும். ஒரு முழு டைலை ஆறாகப் பிளந்தால் முதலும் கடைசியும் தவிர நடுவில் உள்ள நாலுக்கும் இருபக்கமும் வெட்டு முனைதான், பாலிஷ் பிடித்தால்தான் பார்க்க முடியும். தரையில் வெட்டி ஒதுக்கிய 10 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகளில் ஒரு பக்கம் கம்பெனி முனை இருக்கும். ஆகவே தரைத் துண்டுகளைக் குப்பையில் போடவிடாமல் அறை மூலையில் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டிங்குக்கு முதலில் அவற்றைத் தீர்க்கட்டும்.

10. சுவருக்கு மார்க்கிங் போடும் நாளில் கூட நில்லுங்கள்

- வெளிச்சுவரைத் தள்ளாதீர்கள். பக்க இடைவெளி குறைந்தால் அனுமதி வாங்கிய பிளானுக்கு மாறாகிவிடும். நகர்த்துவது உள்தடுப்புச் சுவர்களை மட்டும். ஒரு அறையில் கூட்டியது பக்கத்து அறையில் குறையும், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.
- 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 முதல் சுயசான்று முறையில் ஆன்லைனில் அனுமதி கிடைக்கிறது. அதில் பிளானை ஏற்றுவதற்கு முன்பே இந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.
- முதல் வரிச் செங்கல் வைத்ததும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்கள். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூலை சதுரமாக இல்லை. அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் கடைசி வரிசை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுக்கமாகவும் வரும்.
- தூண் அறைக்குள் துருத்திக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு துருத்தலுக்கும் எல் வடிவ வெட்டு வரும், உடைவது அதிகமும் அந்த டைல்தான்.

11. வாங்கும்போது: பெட்டி, பில், ஒப்பந்தம்

பூச்சு முடிந்த பிறகு ஒவ்வொரு அறையையும் தரையோரமாக இரண்டு முனையிலும் நடுவிலும் மறுபடி அளந்து, டைல் எண்ணிக்கையில் பட்டியல் போடுங்கள். கடையில் சதுர அடி கேட்பார்கள். நீங்கள் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

600 × 600 பெட்டியில் 4 டைல், 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. "பெட்டிக்கு 16 அடி" என்று சொல்லி விலை போடுகிறவர்கள் உண்டு. 1000 சதுர அடிக்கு 62½ பெட்டி என்று அவர்கள் சொல்வது உண்மையில் 64½. ரெண்டுக்கு நாலு பெட்டியில் 2 டைல், அதே 15.5 சதுர அடி. 800 × 1600-ல் 2 டைல், 27.5 சதுர அடி. பெட்டி மேலேயே அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

கொட்டேஷனில் இருக்க வேண்டியவை: மி.மீ.யில் அளவு, பெட்டிக்கு எத்தனை, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, வண்டிவாடகை, இறக்குக்கூலி, மாடிக்கு ஏற்றுவது தனியா, பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் வீடு என்றால் லோடு லாரி உள்ளே வராது. குட்டியானையில் மாற்றி ஏற்றுவதற்கு யார் காசு என்பதையும் பேசிவிடுங்கள்.

மெட்டீரியலோடு காண்ட்ராக்ட் விட்டிருந்தால் "டைல்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு வரை" என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொகை வரியோடு சேர்த்தா, சேதாரம் யார் தலையில், கூலி என்பது போட்ட பரப்புக்கா வாங்கிய பரப்புக்கா, ஸ்கர்ட்டிங் ஓட்ட அடிக்குத் தனிக் கூலியா என்று நாலையும் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சேதாரம் உங்கள் தலையில் என்றால் வெட்டுகிறவருக்கு அக்கறை இருக்காது.

12. எப்போது ஆர்டர்

பெரும்பாலான டைல்ஸ் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. கடையில் இருப்பு இருந்தால் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால் அடுத்த லோடு வரும்வரை காத்திருக்க வேண்டும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தால் பூச்சு காயும்போதே ஆர்டர் கொடுங்கள். அந்த மாதங்களுக்கு முன்னால் டைல்ஸ் போடும் ஆள் கிடைப்பதும் கஷ்டம். சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் ஆளே வராது.

முழுத் தேவையையும் ஒரே தடவையில் எடுங்கள். இரண்டாம் தடவை வாங்கும் பெட்டியில் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் மாறியிருக்கும். பக்கத்தில் வைத்தால் நிறம் காட்டிக்கொடுக்கும், சில சமயம் அளவே ஒரு மி.மீ. மாறும். வண்டியிலிருந்து இறக்கும்போது ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எண்களைச் சரிபார்த்து, குலுக்கிப் பாருங்கள். உடைந்தது சத்தத்திலேயே தெரியும். டிரைவர் நிற்கும்போதே டெலிவரி சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நேர்வரிசையில் போடுவதற்கு, எண்ணிக் கணக்குப் போட்ட டைலுக்கு மேல் நூற்றுக்கு 3 முதல் 5 வரை உடைசலுக்குப் போதும். அதுபோக ஒரு பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைத்துவிடுங்கள். நாளைக்குக் குழாய் கசிந்து தரையை உடைக்க நேர்ந்தால் அந்த நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பெட்டியைப் படுக்கப் போடாமல் ஒருக்களித்து நிறுத்தி வையுங்கள். லேபிளைப் போட்டோ எடுத்து, டைல்ஸ் பில்லோடு வீட்டுப் பத்திரக் கோப்பில் சேருங்கள்.